சொட்டுச் சொட்டாய்... ஆயில் கசிவும் சிமென்ட் தரையும்

(இரண்டாம் ஆண்டு, ஆட்டோமொபைல் துறை)



நமது கல்லூரி டூவீலர் ஸ்டாண்டை வண்டிகள் இல்லாத நேரத்தில் பார்த்திருக்கிறீர்களா? தரை முழுக்கக் கறுப்புப் பொட்டுகள்! "அட, ஆயில்தானே" என்று தாண்டிப் போகிறோம். ஆனால் ஒரு சொட்டு விழுந்தால் நஷ்டம் இரண்டு இடத்தில். ஒன்று வண்டியில், மற்றொன்று தரையில். நாம் பெரும்பாலும் தரையை மட்டும் தேய்க்கிறோம். வண்டியை அப்படியே விட்டுவிடுகிறோம். இந்த வரிசையை மாற்ற வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு சின்னக் கணக்கு. 20 சொட்டு சேர்ந்தால் ஏறத்தாழ ஒரு மில்லி. 10 நொடிக்கு ஒரு சொட்டு என்றால் 8 மணி நேரத்தில் 2,880 சொட்டு, அதாவது 144 மில்லி. 100 சிசி பைக்கில் இருக்கிற ஆயிலே ஏறத்தாழ ஒரு லிட்டர்தான். ஒரு வாரத்தில் இன்ஜின் காலி!

1. சொட்டுவது எது?

ராத்திரி வண்டியின் அடியில் ஒரு வெள்ளை அட்டையை விரித்து வையுங்கள். காலையில் பாருங்கள்.

* தேன் நிறம் அல்லது கறுப்பு, வழவழப்பு: இன்ஜின் ஆயில்.
* கெட்டியாக, கந்தக வாடையோடு இருந்தால்: கியர் ஆயில்.
* சிவப்பு: பெரும்பாலும் பவர் ஸ்டியரிங் அல்லது ஆட்டோமேட்டிக் கியர் ஆயில்.
* பச்சை அல்லது ரோஸ், இனிப்பு வாடை: கூலன்ட். (வாடையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வாயில் வைத்தால் விஷம்!)
* நிறமில்லாமல் அல்லது லேசான மஞ்சளில், தண்ணீர் போல ஓடினால்: பிரேக் ஆயில்.
* வெறும் தண்ணீர், ஏசி போட்ட வண்டி: கவலை வேண்டாம்.

பிரேக் ஆயிலா என்று சந்தேகம் வந்தால் ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு விடுங்கள். இன்ஜின் ஆயில் மிதக்கும். நம் வண்டிகளில் ஊற்றும் டாட் 3, டாட் 4 பிரேக் ஆயில் தண்ணீரோடு கலந்துவிடும். கலந்துவிட்டால் அந்த வண்டியை எடுக்கவே கூடாது. இன்ஜின் ஆயில் போனால் பணம்தான் போகும். பிரேக் ஆயில் போனால் உயிரே போகும்.

2. எங்கிருந்து வருகிறது?

தரையில் சொட்டு விழுந்த இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை என்று நினைப்பது தவறு. ஆயில் கீழே இறங்கும், வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். எனவே மேலேயும் முன்னேயும் தேடுங்கள். இன்ஜினைத் துடைத்துக் காய வைத்து, சந்தேகப்படும் இடங்களில் முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவுங்கள். 15 நிமிடம் ஓட விட்டுப் பாருங்கள். பவுடர் நனைந்திருப்பதில் எது மிக உயரமான இடமோ, அங்கேதான் கோளாறு.

வழக்கமான காரணங்கள்: டாப் கவர் பேக்கிங் காய்ந்து போவது, பழைய வாஷரையே திரும்பப் போட்டு டிரெயின் நட்டை மாட்டுவது, நட்டை அளவுக்கு மீறி முறுக்கி மரை போவது, ஆயில் சீலின் ரப்பர் சூட்டில் கெட்டிப்படுவது.

இவை எல்லாருக்கும் தெரிந்தவை. பலர் மறக்கும் ஐந்தாவது காரணம் ஒன்று உண்டு. அதை எங்கள் வீட்டு வண்டியிலேயே பார்த்தேன்.

3. அப்பாவின் லோடு வண்டி

எங்க வீட்டில் பத்தாவது தாண்டினது நான்தான் முதல். அப்பா பழைய லோடு வண்டி ஒன்று ஓட்டுகிறார். இன்ஜின் ஆயில் சொட்டிக்கொண்டே இருந்தது. வாரம் அரை லிட்டர் ஊற்ற வேண்டும். ஒரு ஒர்க்‌ஷாப்பில் இரண்டு தடவை சீல் மாற்றினார்கள். பத்து நாளில் மறுபடியும் அதே சொட்டு. வண்டி நிற்பதோ வாடகை வீட்டு வாசலில். வீட்டுக்காரம்மா, "தரை போட்டு ஆறு மாசம்தான் ஆவுது. கறை போகலன்னா அட்வான்ஸ்ல கழிச்சிடுவேன்" என்று சொல்லிவிட்டார்.

பிஸ்டன் ரிங் எவ்வளவு நன்றாக இருந்தாலும் எரிந்த வாயு கொஞ்சம் கீழே கிராங்க் கேஸுக்குள் இறங்கும். அது வெளியேறத்தான் பிரீதர் குழாய். அந்தக் குழாய் அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறும். வழி கிடைக்காத அழுத்தம், புது சீலாக இருந்தாலும் அதன் உதட்டைத் தள்ளிக்கொண்டு ஆயிலோடு வெளியே வரும். வகுப்பில் சார் நடத்தியதுதான். வீட்டுக்குப் போய், இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தேன். குப்பென்று காற்று முகத்தில் அடித்தது. பிரீதர் குழாயைக் கழற்றினால் உள்ளே கறுப்புக் களி!

குழாயைச் சுத்தம் செய்து மாட்டினோம். சொட்டு நின்றது. "அப்போ சீல் மேல குத்தமே இல்லியாடா?" என்றார் அப்பா. இருபது வருஷமாக இன்ஜின் சத்தத்தை வைத்தே கோளாறு சொல்பவர், என்னிடம் கேட்ட முதல் சந்தேகம் அது. விளக்கிச் சொன்னேன்.

4. சிமென்ட் தரை ஏன் ஆயிலைக் குடிக்கிறது?

இதை விளக்கியவர்கள் நம் சிவில் நண்பர்கள். 50 கிலோ சிமென்ட் மூட்டையின் வேதிவினைக்கு ஏறத்தாழ 12 லிட்டர் தண்ணீர் போதும். கலவை இளக்கமாக இருக்க 25 லிட்டர் வரை ஊற்றுகிறோம். மிச்சத் தண்ணீரில் பெரும்பகுதி ஆவியாகிப் போன வழியெல்லாம் நுண்துளைகளாக நிற்கிறது. விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவது போல அந்தத் துளைகள் ஆயிலை உறிஞ்சுகின்றன.

செய்யக் கூடாதவை இரண்டு:

ஆசிட் ஊற்றாதீர்கள். ஆசிட் ஆயிலைக் கரைக்காது, சிமென்டைத்தான் அரிக்கும். துளைகள் பெரிதாகி, அடுத்த சொட்டு இன்னும் ஆழமாக இறங்கும்.

பெட்ரோல், மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள். ஆயில் நீர்த்து உள்ளே போய்விடும். தீப்பிடிக்கும் ஆபத்து வேறு.

செய்ய வேண்டியவை:

புதுக்கறை என்றால் தேய்க்காமல் மரத்தூளையோ காய்ந்த சிமென்டையோ கொட்டி, ஒரு ராத்திரி விட்டுப் பெருக்குங்கள். பழைய கறை என்றால் கையுறை போட்டுக்கொண்டு, சலவை சோடாவும் சோப்புத் தூளும் வெந்நீரில் கலந்து அரை மணி நேரம் ஊற வைத்து, நார் பிரஷ்ஷால் தேய்க்கவும். அப்படியும் போகாவிட்டால் சாக் பவுடரைச் சோடாக் கரைசலில் குழைத்துப் பற்றுப் போடுங்கள். மேலே பாலிதீன் தாளை மூடி ஒரு நாள் விட்டு, பிறகு திறந்து காய விடுங்கள். பற்று காயும்போது ஆயில் மேலே ஏறும். எங்கள் வாசலில் இரண்டு பற்று போட்டோம். நிழல் மாதிரி கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. வீட்டுக்காரம்மா வந்து பார்த்து, "பரவால்ல, விடுங்க" என்றார். அட்வான்ஸ் தப்பியது!

5. பழைய ஆயில் எங்கே போகிறது?

ஒரே ஒரு தடவை மாற்றிய பழைய ஆயில் பத்து லட்சம் காலன் நன்னீரைக் கெடுக்கக்கூடும் என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. நமது நாட்டிலும் 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளில் பழைய ஆயில் அடங்கும். சாக்கடையில் ஊற்றாமல் கேனில் சேர்த்து, அனுமதி பெற்ற மறுசுழற்சியாளருக்குக் கொடுக்க வேண்டும். ஆயில் குடித்த மரத்தூளையும் சாக்கடையில் தள்ளக் கூடாது.

நண்பர்களே! நமது பேரவைக்கு ஒரு வேண்டுகோள். டூவீலர் ஸ்டாண்டில் ஒரு டிரம் மரத்தூளும் நாலு தகரத் தட்டும் வைப்போம். சொட்டுகிற வண்டிக்கு அடியில் தட்டை வைத்து, வண்டிக்காரருக்கு ஒரு சீட்டு எழுதி மாட்டுவோம். மாதம் ஒரு சனிக்கிழமை, மதியத்துக்கு மேல், நம் துறை மாணவர்களே வண்டிகளைப் பார்த்து, எங்கே கசிகிறது என்று சொல்வோம். முதல் சனிக்கிழமைக்கு நான் தயார். பவுடர் டப்பா என் செலவு!