மழைக் கணக்கும் நகரும் சராசரியும்

ஜூன் முதல் செப்டம்பர் முடிய நாடெங்கும் பெய்யும் தென்மேற்குப் பருவ மழையின் அளவை, நீண்டகாலச் சராசரியின் விழுக்காடாக இந்திய வானிலை ஆய்வுத்துறை ஆண்டுதோறும் வெளியிடுவதை வாசகர்கள் அறிவார்கள். 2013 முதல் 2020 வரையுள்ள எட்டு ஆண்டுகளுக்கு அவ்வளவுகள் முறையே 106, 88, 86, 97, 95, 91, 110, 109 ஆகும். இவற்றை வரைபடமாக்கினால் கோடு ஏறியும் இறங்கியும் செல்லுமேயன்றி, அதன் பொதுப்போக்கு எளிதிற் புலப்படாது. இத்தகைய ஏற்றத்தாழ்வுகளைத் தணித்துக் காட்டப் புள்ளியியலார் கையாளும் முறைகளுள் மிக எளியது நகரும் சராசரி.

அடுத்தடுத்த மூன்று ஆண்டுகளின் அளவுகளைக் கூட்டி மூன்றால் வகுத்து, விடையை நடு ஆண்டுக்கு நேரே எழுதுக. முதல் மூன்றின் கூட்டுத்தொகை 280, சராசரி 93.3; இது 2014க்கு உரியது. பின்னர் 2013ஐ நீக்கி 2016ஐச் சேர்த்துக்கொண்டால் 2015க்கு 90.3 கிடைக்கும். இவ்வாறே ஓராண்டை விட்டு ஓராண்டைப் பற்றிச் செல்வதால்தான் இதற்கு இப்பெயர்.

கணிப்பொறியின் விரிதாளில் இவ்வேலை நொடியில் முடியும். முதல் வரிசையைத் தலைப்புக்கு ஒதுக்கி, இரண்டாம் வரிசையிலிருந்து ‘ஏ’ நிரலில் ஆண்டுகளையும் ‘பி’ நிரலில் மழையளவுகளையும் இடுக. ‘சி’ நிரலின் மூன்றாம் கட்டத்தில் =ஆவரேஜ்(பி2:பி4) என எழுதி (எழுத்துக்களை ஆங்கிலத்தில் தட்டச்சிட வேண்டும்), கட்டத்தின் வலப்புறக் கீழ்மூலையைப் பற்றி எட்டாம் வரிசை வரை இழுத்தால் 93.3, 90.3, 92.7, 94.3, 98.7, 103.3 என ஆறு விடைகள் வரும். எட்டு ஆண்டுகளுக்கு ஆறே விடைகள். இரு முனைகளிலும் ஒவ்வொன்றை இழப்பது இம்முறையின் இயல்பு. அவ்விழப்பை ஈடுசெய்யக் கருதி ஒன்பதாம் வரிசைக்கும் இழுப்போர் ஏமாறுவர். வெற்றுக் கட்டத்தைக் கணக்கிற் கொள்ளாமல், எஞ்சிய இரண்டின் சராசரியான 109.5ஐ எவ்வித எச்சரிக்கையுமின்றி எந்திரம் தந்துவிடும்.

இனி, முக்கியமானதொன்றைக் கவனிப்போம். நாடு முழுவதற்குமான பருவ மழை 90 விழுக்காட்டுக்குக் குறைந்தால் அது பற்றாக்குறை ஆண்டாகக் கொள்ளப்படுகிறது. 2014, 2015 ஆகிய இரண்டும் அத்தகையவை. அடுத்தடுத்து மழை பொய்த்தமையால் உழவர் பட்ட துன்பம் சிறிதன்று. ஆனால் ‘சி’ நிரலை மீண்டும் நோக்குக. அதில் 90க்குக் குறைந்த எண் ஒன்றேனும் உண்டா? இரு வறட்சிகளும் மறைந்துவிட்டன! 91 மட்டுமே பெற்ற 2018ஆம் ஆண்டோ, பின்வந்த 2019இன் மிகுமழையைக் கடன் வாங்கி 98.7 எனத் தோன்றுகிறது. ஆகவே, நிவாரணத்திற்கோ பயிர்க் காப்பீட்டிற்கோ ‘பி’ நிரலையே பார்க்கவேண்டும். போக்கை அறிய விரும்புவோருக்கே ‘சி’ நிரல்.

மற்றொரு மயக்கமும் உண்டு. தணித்த கோட்டில் அலைபோன்ற எழுச்சி வீழ்ச்சிகளைக் கண்டு, மழைக்கு இத்தனை ஆண்டுச் சுழற்சி உண்டெனத் துணிவோர் பலர். தற்செயலாகக் கிடைக்கும் எண்களைத் தொடர்ந்து கூட்டிச் சென்றாலே அத்தகைய அலைகள் தோன்றும் என்று ருஷ்ய அறிஞர் ஸ்லுட்ஸ்கி 1927இல் காட்டினார். ஐயமுடையோர் தாமே சோதிக்கலாம்: புதிய தாளில் =ரேண்ட்() என்பதை நூறு கட்டங்களில் நிரப்பி, ஐந்தைந்தாகச் சராசரி கண்டு, அக்கோட்டை வரைந்து பார்க்க.