முதியோருக்குத் தீக்காயம்: சின்னக் காயம் என்று விடாதீர்கள்

குளிர் காலத்தில் எங்கள் பாட்டி, தாத்தாமாருக்கு அடுப்படிதான் தஞ்சம். ஒருமுறை லயத்துக்குப் போனபோது ஒரு பாட்டியின் கால்விரல்கள் சீழ் பிடித்திருந்ததைக் கண்டோம். "அஞ்சு நாளைக்கு முந்தி குளிர் காஞ்சேன். சுட்டதே தெரியல்ல, பற்பசை பூசினேன்" என்றார். அவருக்குச் சீனி வருத்தம். "ஆசுபத்திரிக்குக் கூட்டிப் போனா மகளுக்கு ஒரு பேர் போயிடுமே" என்றுதான் மறைத்திருக்கிறார். கடைசியில் ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று.

வயது போகப் போகத் தோல் மெலியும். அதே சுடுதண்ணி ஆழமாகச் சுடும். சீனி வருத்தத்தால் காலில் உணர்வு குறையும். காயம் ஆறவும் நாளெடுக்கும்.

உடனே செய்ய வேண்டியவை:

1. சேலையில் தீப்பிடித்தால் ஓட விடாதீர்கள். படுக்க வைத்து, தடித்த கம்பளியால் மூடி அணையுங்கள்.

2. சுட்ட இடத்தில் மட்டும் 20 நிமிடம் பீலித் தண்ணியை ஓட விடுங்கள். உடனே முடியாவிட்டாலும் 3 மணித்தியாலத்துக்குள் செய்தால் பலன் உண்டு. ஐஸ் வைக்க வேண்டாம்.

3. மற்ற உடம்பைக் கம்பளியால் போர்த்துங்கள். முதியவர்களின் உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும், அதுவும் உயிராபத்து. நடுங்கினால் தண்ணியை நிறுத்துங்கள்.

4. வீங்குமுன் வளையல், மோதிரம், மெட்டியைக் கழற்றுங்கள். காயத்தில் ஒட்டிய துணியை இழுக்காதீர்கள்.

5. கொப்புளத்தை உடைக்காதீர்கள். பற்பசை, எண்ணெய் எதுவும் பூசாதீர்கள். சுத்தமான துணியால் தளர்வாக மூடுங்கள்.

முதியவருக்குச் சுட்டால், காயம் சிறிதானாலும் அன்றே டிஸ்பென்சரியில் காட்டுங்கள். முகம், கை, பாதம், மூட்டு, மறைவிடம் சுட்டாலோ, காயம் அவரது உள்ளங்கையை விடப் பெரிதென்றாலோ, புகையைச் சுவாசித்திருந்தாலோ ஆசுபத்திரிக்கே போக வேண்டும். தோல் வெளுத்தோ கருகியோ வலியில்லாமல் இருந்தால் நல்லதென்று நினைக்காதீர்கள். அது ஆழமான காயம். 1990 இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். கிளினிக் கொப்பியைக் கொண்டு போங்கள். ஏற்பு ஊசி தேவையா என்றும் கேளுங்கள்.

குளிக்க வாளியில் முதலில் பச்சைத் தண்ணி, பிறகு சுடுதண்ணி ஊற்றுங்கள். உங்கள் முழங்கையால் சூடு பாருங்கள். குளிர் காய்வோரை அடுப்பிலிருந்து தள்ளி உட்கார வைத்து, காலுக்குக் காலுறை போட்டு விடுங்கள்.

பிள்ளைகளுக்குக் கரைச்சல் என்று பெரியவர்கள் வாய் திறக்க மாட்டாங்க. கேட்டால் "ஒண்ணுமில்ல" என்பாங்க. ஆகவே வேலை முடிந்து வந்ததும் அவர்களின் காலை நாமே பார்ப்போம். ஒரு பேர் போனால் நாளைக்கு உழைக்கலாம். போன விரல் திரும்பி வராது.