கல்நெஞ்சன் என்று தீர்ப்பிடலாமா?

குற்றஞ்செய்து பிடிபட்ட சிறுவன் ஒருவன் நீதிமன்றத்தில் கண்கலங்காமல் நிற்கிறான். "இவனுக்கு நெஞ்சில் ஈரமே இல்லை" என்று பார்ப்பவர்கள் முடிவுகட்டி விடுகிறார்கள். அந்த முடிவு சரிதானா?

இக்கேள்வி புதியதன்று. களவெடுத்த 44 பிள்ளைகளை இலண்டனில் ஆராய்ந்த மருத்துவர் ஜோன் போல்பி, அவர்களுள் 14 பேர் அன்புணர்ச்சி அற்றவர்கள் என 1944இல் எழுதினார். அந்த 14 பேரில் 12 பேர் சிறுவயதில் நெடுநாள் தாயைப் பிரிந்திருந்தவர்கள். பிறவி இயல்புக்கும் இதில் பங்குண்டு எனப் பிற்கால ஆய்வுகள் காட்டின. ஆயினும், குற்றத்தோடு பிள்ளையின் கதையையும் கேட்கவேண்டும் என்ற பாடம் நிலைத்துவிட்டது.

இன்று இதனை அளப்பதற்கு முறைகள் உண்டு. அமெரிக்க உளவியலாளர் போல் பிறிக் அமைத்த வினாக்கொத்தில் 24 கூற்றுக்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை புள்ளி. பிள்ளை, பெற்றோர், ஆசிரியர் ஆகியோரிடம் தனித்தனியே கேட்கலாம். ஏனெனில் பிள்ளை வீறாப்புக்காக மறைக்கலாம். பெற்றோரோ வீட்டில் நடப்பதை மட்டுமே அறிவர்.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட கைந்நூல் நான்கு அடையாளங்களைக் கூறுகிறது: செய்த பிழைக்கு வருந்தாமை, பிறர் துன்பத்தை உணராமை, படிப்பிலோ வேலையிலோ அக்கறையின்மை, உணர்ச்சி மேலோட்டமாயிருத்தல். இவற்றுள் இரண்டாவது குறைந்தது 12 மாதங்கள், பல இடங்களிலும் பலரிடத்திலும் காணப்படவேண்டும். ஒருநாள் முகத்தைப் பார்த்துச் சொல்லக்கூடியதன்று இது. அடியும் கொடுமையும் பட்ட பிள்ளையும் உணர்ச்சியை உள்ளே பூட்டிவைத்து, கல்லைப்போல் நிற்பதுண்டு.

அளப்பது எதற்காக? முத்திரை குத்துவதற்கு அல்ல, வழி கண்டுபிடிப்பதற்கே. இத்தகைய பிள்ளைகளைத் தண்டனை அதிகம் அசைப்பதில்லை. ஆனால் பாராட்டும் பரிசும் அசைக்கின்றன. அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் 1995இல் தொடங்கிய மென்டோட்டா இளைஞர் சிகிச்சை நிலையம், மிகக் கடுமையான இளங் குற்றவாளிகளை ஏற்று, நல்ல நடத்தைக்கு நாள்தோறும் புள்ளியும் சலுகையும் வழங்கியது. அங்கிருந்து வெளிவந்தவர்கள், வேறிடங்களில் வைக்கப்பட்ட அத்தகைய இளைஞரிலும் குறைவாகவே வன்முறைக் குற்றங்களில் ஈடுபட்டனர் என ஆய்வுகள் கண்டன.

பெற்றோரே, பிள்ளை பிழை செய்துவிட்டு அழவில்லை என்பதற்காக மேலும் அடிக்காதீர்கள். அவன் செய்யும் சிறு நன்மையை உடனே கண்டு பாராட்டுங்கள். கவலை நீடித்தால் மனநல மருத்துவரை நாடுங்கள்.

சிந்திக்க:
1. நம் அயலில் "உருப்படாதவன்" என்று பெயர் வாங்கிய பிள்ளையின் கதையை நாம் கேட்டிருக்கிறோமா?
2. இந்த வாரம் நம் பிள்ளையைக் கண்டித்தது எத்தனை தரம்? பாராட்டியது எத்தனை தரம்?