தொழில் முனைவோர்: சில தவறான கருத்துகள்

‘தொழில் முனைவோர்’ என்ற சொல் இன்று பாடநூல்களிலும் அரசின் திட்ட அறிக்கைகளிலும் நிலையான இடம் பெற்றுவிட்டது. ஆயினும் அச்சொல்லைச் சூழ்ந்துள்ள தவறான கருத்துகள் இன்னும் மறையவில்லை. இவற்றால் விளையும் இழப்பு சிறிதன்று. தகுதி வாய்ந்த இளைஞர் ஒருவர், தொழில் தமக்கு ஏற்றதன்று என ஒதுங்கிவிடுகிறார். மற்றொருவர் போதிய ஆயத்தமின்றிக் குடும்பச் சேமிப்பு முழுவதையும் தொழிலில் இட்டு இழக்கிறார். கடன் விண்ணப்பங்களை ஆராயும் அலுவலரும் இக்கருத்துகளுக்கு ஆட்பட்டிருப்பின், திட்ட நிதி உரியவரைச் சென்றடையாது போகிறது.

பிறவிக் குணமா?

தொழில் முனைவு சில குடும்பங்களுக்கும் சில சாதிகளுக்குமே உரிய பிறவிக் குணம் என்பது மிகப் பழைய கருத்தாகும். அமெரிக்க உளவியல் அறிஞர் டேவிட் மெக்லேலண்ட் 1960களில் இதனை இந்திய மண்ணிலேயே சோதித்துப் பார்த்தார். ஆந்திரப் பிரதேசத்தின் காக்கிநாடா நகரைச் சேர்ந்த வணிகர்களுக்கும் சிறு தொழிலதிபர்களுக்கும் ஐதராபாத்திலுள்ள சிறு தொழில் விரிவாக்கப் பயிற்சி நிறுவனத்தில் சாதனை ஊக்கப் பயிற்சி அளிக்கப்பட்டது. பயிற்சிக்குப் பின்னர் இவர்கள், பயிற்சி பெறாதவர்களைவிட மிகுந்த முனைப்புடன் தொழிலை விரிவுபடுத்தினர். மரபுவழி நம்பிக்கைகள் இதற்குத் தடையாகவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

1970இல் குஜராத் மாநிலம் புதிய தொழில் முனைவோருக்கான பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. அந்த அனுபவத்தின் தொடர்ச்சியாக, 1983இல் அகமதாபாத்தில் இந்தியத் தொழில் முனைவு வளர்ச்சி நிறுவனம் உருவாயிற்று. முனைவைப் பயிற்சியால் வளர்க்க இயலும் என்பதே இவற்றின் அடிப்படை.

சூதாடும் துணிவா?

எதற்கும் அஞ்சாது துணிந்து இறங்குபவரே வெற்றி பெறுவர் என்பது இரண்டாவது கருத்து. மெக்லேலண்ட் விளக்கிய வளையம் எறியும் விளையாட்டு இதற்கு விடை தருகிறது. முளையிலிருந்து எவ்வளவு தொலைவில் நின்று வளையத்தை எறிவது என்பதை ஆடுபவரே முடிவு செய்யலாம். சாதனை ஊக்கம் மிகுந்தவர்கள் மிக அருகிலும் நிற்கவில்லை. மிகத் தொலைவிலும் நிற்கவில்லை. முயற்சியும் திறமையும் பயன் தரக்கூடிய நடுத்தரத் தொலைவையே தேர்ந்தனர். நல்ல தொழில் முனைவோரும் இடரை அளந்தே ஏற்கின்றனர்.

புதுமைப் பொருள் வேண்டுமா?

எவரும் கண்டிராத பொருளை உருவாக்கினால்தான் தொழில் நிலைக்கும் எனப் பல மாணவர்கள் கருதுகின்றனர். 1969இல் அகமதாபாத்தில் கர்சன்பாய் படேல் நிர்மா சலவைத் தூளைத் தயாரிக்கத் தொடங்கியபோது, சலவைத் தூள் சந்தைக்குப் புதிதன்று. அப்போதைய விலையில் அதனை வாங்க இயலாத குடும்பங்கள் ஏராளமாக இருந்தன. அக்குடும்பங்களுக்கு எட்டும் விலையில் அதனை அவர் அளித்தார். அரசுப் பணியில் இருந்துகொண்டே இதனைத் தொடங்கினார் என்பதும் கருதத்தக்கது.

பணமே முதலா?

பெருந்தொகை இருந்தால்தான் தொழில் தொடங்க இயலும் என்பது மற்றொரு கருத்து. 1959 மார்ச் 15 அன்று மும்பையின் கிர்காவ் பகுதியில் ஏழு பெண்கள், கடனாகப் பெற்ற 80 ரூபாயைக் கொண்டு அப்பளம் இடத் தொடங்கினர். அதுவே பின்னர் லிஜ்ஜத் நிறுவனமாக வளர்ந்தது. அவர்களிடம் கைத்திறன் இருந்தது. விலையுயர்ந்த இயந்திரம் எதுவும் தேவைப்படவில்லை.

எனினும், பணம் முக்கியமன்று என முடிவு கட்டுவதும் தவறாகும். எவ்வளவு பணம் என்பதோடு, அது எப்போது தேவைப்படும் என்பதையும் கணக்கிட வேண்டும். இங்கேதான் பல சிறு தொழில்கள் இடறுகின்றன. எடுத்துக்காட்டாக, ஒரு தொழிற்கூடத்தில் மூலப்பொருளுக்கும் கூலிக்கும் மாதம் 1,00,000 ரூபாய் செலவாகிறது எனக் கொள்வோம். அம்மாதச் சரக்கு மாத இறுதியில் 1,20,000 ரூபாய்க்கு விற்கப்படுகிறது. வாங்குபவர் பணம் தர இரண்டு மாதம் ஆகிறது. முதல் மாதச் சரக்கின் பணம் மூன்றாம் மாத இறுதியில்தான் வரும். அதற்குள் 3,00,000 ரூபாய் செலவாகியிருக்கும். ஏட்டில் 60,000 ரூபாய் இலாபம் தெரியும். கையில் ஒரு ரூபாயும் வந்திராது. உற்பத்தி இருமடங்கானால் இத்தேவையும் இருமடங்காகும். கட்டடத்துக்கும் இயந்திரத்துக்கும் கடன் பெற்று, நடைமுறை மூலதனத்தை மறந்தவர், ஆர்டர் குவியும் வேளையிலேயே கதவடைக்க நேர்கிறது.

இந்நெருக்கடியைக் கருதியே 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் வளர்ச்சிச் சட்டம், குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்கிய பொருளுக்கான தொகையை அதிக அளவாக 45 நாட்களுக்குள் செலுத்த வேண்டும் என விதிக்கிறது. தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி செலுத்த நேரிடும். ஆயினும், பெரிய வாடிக்கையாளரை இழக்க நேருமோ என்ற அச்சத்தால் சிறு தொழில் முனைவோர் பலர் இவ்வுரிமையைக் கோரத் தயங்குகின்றனர்.

தமக்குத் தாமே எசமானரா?

‘யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை’ என்ற எண்ணத்துடன் தொழிலுக்கு வருவோர் ஏமாற்றம் அடைவர். ஊழியருக்கு மேலதிகாரி ஒருவரே. தொழில் முனைவோரோ வாடிக்கையாளர், வங்கி, தொழிலாளர், வரித்துறை ஆகிய அனைவருக்கும் கடமைப்பட்டவர். அரசு மானியத்தை இலாபமாகக் கருதுவதும் இதனை ஒத்த மயக்கமே. மானியம் தொடக்கச் சுமையைக் குறைக்கும். நாள்தோறும் சரக்கை விற்றுத் தராது.

செய்ய வேண்டுவது

ஆகவே விண்ணப்பத்தை ஆராயும் அலுவலர், சொத்து மதிப்பையும் குடும்பப் பின்னணியையும் பார்ப்பதோடு நின்றுவிடாமல் மூன்று வினாக்களை எழுப்புதல் நலம். இப்பொருளை வாங்குபவர் யார்? அவர் எத்தனை நாளில் பணம் தருவார்? அதுவரை தொழிலை நடத்தும் தொகை எங்கிருந்து வரும்? தொழில் தொடங்க விரும்பும் மாணவரும் இவ்வினாக்களுக்கு, பட்டறைக்கு இடம் பார்க்கும் முன்பே விடை எழுதிப் பார்க்க வேண்டும். விடை கிடைக்காத திட்டத்தைத் தாளிலேயே திருத்திக்கொள்ளலாம். தொழில் தொடங்கிய பின் திருத்த முற்பட்டால், அதன் விலையைக் குடும்பமே கொடுக்க நேரும்.