பெயர் தெரியாத பழைய படகு ட்ரெய்லர்: வாங்குமுன் அளந்து பாருங்கள்

மே மாதம் தொடங்கி செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றினால் நீர்கொழும்பு, சிலாபம், கற்பிட்டிப் பக்கக் கடல் கொந்தளிக்கும். அந்த நாட்களில் திருகோணமலைப் பக்கம் கடல் தொழிலுக்கு வாய்ப்பாக இருக்கும். எனவே மேற்குக் கரையில் தொழில் செய்வோர் பருவத்துக்குப் பருவம் கிழக்கே போய் வருவது நெடுநாளைய வழக்கம். உல்லாசப் பயணிகளை ஏற்றும் சிறு படகுக்காரருக்கும் இதே கணக்குத்தான். ஒவ்வொரு முறையும் லொறிக்கூலி கொடுப்பதைவிட ஒரு பழைய ட்ரெய்லரை வாங்கிப் போட்டால் இலாபமே என்று பலர் நினைக்கிறார்கள். நினைப்பதில் தவறில்லை. ஆனால் சந்தையில் கிடைக்கும் பழைய ட்ரெய்லர் பலவற்றில் கம்பனிப் பெயரும் இருக்காது, எவ்வளவு பாரம் தாங்கும் என்ற தகடும் இருக்காது. தகடு கறள் பிடித்து உதிர்ந்திருக்கும், அல்லது ஏதாவதொரு வெல்டிங் கடையில் செய்யப்பட்டதாக இருக்கும்.

விற்பவர் பூசிய புதுப் பெயின்டைப் பார்த்து விலை பேசாதீர்கள். ட்ரெய்லருக்குப் பெயர் இல்லாவிட்டாலும் அதன் சாமான்களுக்கு இலக்கம் உண்டு. அந்த இலக்கத்துக்குரிய சாமான் கடையில் கிடைக்குமா, என்ன விலை என்பதை அறிந்த பின்னரே வண்டியின் விலையைப் பேச வேண்டும்.

முதலில் சில்லைக் கழற்றி ஹப்பைத் திறக்கச் சொல்லுங்கள். திறக்க மறுப்பவரிடம் வாங்காமல் விடுவதே நல்லது. உள்ளே இருக்கும் பெயாரிங்கில் இலக்கம் பொறிக்கப்பட்டிருக்கும். மண்ணெண்ணெயில் கழுவினால் தெளிவாகத் தெரியும். இங்கேதான் பெரிய பொறி இருக்கிறது. சிறு ட்ரெய்லர்களில் அடிக்கடி காணப்படும் எல் 44643, எல் 44649 என்ற இரண்டு பெயாரிங்குகளுக்கும் வெளிக்கப் ஒன்றே. அதன் இலக்கம் எல் 44610. கப்பின் இலக்கத்தை மட்டும் எழுதிக்கொண்டு பஞ்சிகாவத்தைக்குப் போனால் எதையும் தந்துவிடுவார்கள். ஆனால் முதலாவதன் உள்துளை 25.4 மில்லிமீற்றர், அதாவது ஓர் அங்குலம். மற்றதன் துளை ஓர் அங்குலமும் பதினாறில் ஒரு பங்கும், ஏறக்குறைய 27 மில்லிமீற்றர். பெரிய துளையுள்ளது சிறிய அச்சில் சுலபமாக ஏறிவிடும். பொருந்திவிட்டது என்றே பாஸும் நினைப்பார். பின்னர் அது அச்சின் மேல் ஆடி ஆடி அச்சையே தின்னும். பாரத்தோடு போகும்போது சில்லு கழன்றால் பின்னால் வருபவரின் உயிருக்கு யார் பொறுப்பு? ஆகவே வேர்னியரால் அச்சை அளந்து, பழைய பெயாரிங்கையும் கையோடு கொண்டுபோங்கள். அச்சு உள்ளே தடித்தும் வெளியே மெலிந்தும் இருந்தால் இரண்டு இடத்திலும் அளக்க வேண்டும். உள்ளே 35 மில்லிமீற்றர் அளவில் எல் 68149, வெளியே எல் 44649 என்பது அத்தகைய அச்சுகளில் வழக்கமான சோடி.

இலக்கமே கிடைக்காவிட்டால் ஹப் எந்த வாகனத்தினுடையது என்பதை போல்ட் வட்டத்தைக் கொண்டு தேடலாம். நான்கு போல்ட் என்றால் எதிரெதிர் போல்ட் இரண்டின் மத்தியிலிருந்து மத்திக்கு அளந்தால் போதும். ஐந்து போல்ட் என்றால் அடுத்தடுத்த இரண்டின் தூரத்தை 0.588ஆல் வகுக்க வேண்டும். 67.2 மில்லிமீற்றர் வந்தால் வட்டம் 114.3. பல ஜப்பான் வாகனங்களின் அளவு இது.

அடுத்தது இழுக்கும் வாகனத்தின் உருண்டையும் ட்ரெய்லரின் வாயும். உருண்டைகள் 50 மில்லிமீற்றரிலும் உண்டு, இரண்டு அங்குலத்திலும் உண்டு, ஒன்றே முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் கூடிய 47.6 மில்லிமீற்றரிலும் உண்டு. இரண்டு அங்குல வாயை 47.6 உருண்டையில் மாட்டினால் பூட்டியது போலத் தெரியும், பள்ளத்தில் விழுந்தவுடன் துள்ளிக் கழன்றுவிடும். வாயின் மேல் அளவு பொறிக்கப்பட்டிருக்கும். கம்பித் தூரிகையால் தேய்த்துப் பாருங்கள்.

பாரத் தகடு இல்லாத வண்டி எவ்வளவு தாங்கும்? அச்சு, வாய், டயர் மூன்றில் எது பலவீனமோ அதுவே வண்டியின் பலம். டயரின் பக்கத்தில் அளவுக்குப் பின்னால் வரும் 88 என்ற எண் ஒரு டயர் 560 கிலோ தாங்கும் என்பதைக் குறிக்கும். 82 என்றால் 475 கிலோ. அதே இடத்தில் நான்கு இலக்கத் திகதியும் இருக்கும். 1419 என்றால் 2019ஆம் ஆண்டின் 14ஆம் வாரம். படகு, எஞ்சின், எண்ணெய், வலை எல்லாவற்றோடும் ட்ரெய்லரின் சொந்த எடையையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். பலர் கடைசியில் சொன்னதை மறந்துவிடுகிறார்கள்.

சட்டத்தைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். பெட்டி இரும்பு என்றால் கறள் உள்ளேயிருந்து வரும், வெளியே பெயின்ட் பளபளக்கும். சத்தம் மந்தமாக இருக்கும் இடத்தில் இரும்பு மெலிந்திருக்கிறது. குறுக்குச் சட்டத்தை வெட்டிப் புதிதாக வைக்கலாம். அப்போது பெட்டி இரும்புக்குப் பதிலாக சி வடிவச் சனல் போட்டால் உட்பக்கத்தையும் கழுவலாம், பார்க்கலாம். நாக பூச்சுப் பூசிய இரும்பென்றால் வெல்ட் செய்யுமுன் பூச்சை அரைத்து எடுக்கவேண்டும். அதன் புகை காய்ச்சலைக் கொண்டுவரும். ஆனால் சில்லுக் கம்பில் வெடிப்பு இருந்தால் வெல்ட் போட இடமே கொடுக்காதீர்கள், அச்சை மாற்றவேண்டும். ஸ்பிரிங் பட்டையைக் கண்ணுக்குக் கண் நீளம், அகலம், தடிப்பு, பட்டைகளின் எண்ணிக்கை என நான்கையும் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள்.

இத்தனைக்கும் செலவை எழுதிக் கூட்டி, விற்பவர் கேட்கும் விலையோடு சேர்த்துப் பார்த்தால் புதிய ட்ரெய்லரின் விலைக்குக் கிட்ட வருவதுண்டு. பதிவுப் புத்தகம் இல்லாவிட்டால் இன்னும் குறைத்துக் கேளுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

வாங்கிய பின்னர் ஒரு பழக்கம் வேண்டும். தூரம் ஓடிவந்த ஹப் சூடாயிருக்கும். அப்படியே கடலில் இறக்கினால் சூடு ஆறும்போது சீலின் வழியே உப்புத்தண்ணீரை உள்ளே இழுக்கும். கையை வைத்துப் பார்த்து, ஆறிய பின் இறக்குங்கள். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். ஒரு சோடி பெயாரிங்கும் சீலும் கொஞ்சம் கிரீஸும் வண்டியிலேயே இருக்கட்டும். நடுவழியில் ஞாயிற்றுக்கிழமை எந்தக் கடையும் திறந்திராது.