ஒரு கட்டத்தை மட்டும் திருத்த வந்தவர்

மாணவர்களே, நம் நாட்டில் ‘படிவம்’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. நீங்கள் படிக்கும் வகுப்பும் படிவம். ஆண்டுத் தொடக்கத்தில் பெற்றோர் நிரப்பிக் கொடுப்பதும் படிவம். இன்று நாம் பார்க்கப்போவது இரண்டாவது வகை. அதிலும், கணினித் திரையில் எழுபது கட்டங்களோடு நீண்டுகொண்டே போகும் பெரிய படிவம்.

அதை முதன்முறை நிரப்புவது ஒரு வேலை. பின்னர் திருத்துவது முற்றிலும் வேறு வேலை. நிரப்புகிறவர் மேலிருந்து கீழ்வரை எல்லாக் கட்டங்களையும் கடந்து போவார். திருத்த வருகிறவருக்கு வேண்டியது ஒன்றிரண்டு கட்டங்கள்தாம். மற்றவை கைபடாமல் இருந்தபடியே இருக்க வேண்டும். ஆனால் பல மென்பொருள்களில் இரண்டு வேலைக்கும் ஒரே திரையைத்தான் கொடுத்திருப்பார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

உங்கள் குடும்பம் கிள்ளானிலிருந்து சிரம்பானுக்கு வீடு மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். பள்ளி அலுவலக எழுத்தர் உங்கள் முகவரியை மாற்ற வேண்டும். அவர் உங்கள் பதிவைத் திறந்ததும் எழுபது கட்டங்களும் தட்டச்சுக்குத் தயாராகத் திறந்து கிடக்கின்றன. முகவரியைத் தேடும்போது கை தவறி ‘இரத்த வகை’ப் பட்டியலைச் சொடுக்கிவிடுகிறார். பிறகு சுட்டியின் சக்கரத்தை உருட்டுகிறார். பக்கம் நகர்வதற்குப் பதிலாக, ‘பி’ என்றிருந்த இரத்த வகை ‘ஏபி’ ஆகிவிடுகிறது. அவர் அதைக் கவனிக்கவில்லை. முகவரியைத் திருத்திச் சேமித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்.

இந்தத் தவற்றுக்கு எழுத்தரைக் குறை சொல்லிப் பயனில்லை. திரையைத்தான் மாற்ற வேண்டும். நல்ல வடிவமைப்பில் பதிவு முதலில் வெறும் வாசிப்புப் பக்கமாகத் திறக்கும். முகவரி, உடல்நலம், புறப்பாட நடவடிக்கை என்று பகுதி பகுதியாகப் பிரிந்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ‘திருத்து’ என்ற பொத்தான் இருக்கும். முகவரிப் பகுதியைத் திறந்தால் அது மட்டுமே திறக்கும். மாற்றிய கட்டம் வேறு நிறத்தில் தெரியும். பழைய விவரம் பக்கத்திலேயே மங்கலாக நிற்கும். சேமிக்கும் முன் ‘நீங்கள் 3 கட்டங்களை மாற்றியுள்ளீர்கள்’ என்று ஒரு சிறு பட்டியலும் வரும். எழுத்தர் இரண்டைத்தான் மாற்றினார் என்றால், அந்த மூன்றாவது அவர் கண்ணில் பட்டுவிடும்.

கணினிக்கே தெரிந்ததை மனிதரிடம் கேட்கக்கூடாது என்பதும் முக்கியம். சிரம்பானின் அஞ்சல் குறியீட்டைப் போட்டவுடன் மாநிலக் கட்டம் சிலாங்கூரிலிருந்து நெகிரி செம்பிலானுக்குத் தானாக மாறலாம். மைகார்டு எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் 12 இலக்கங்களில் முதல் 6 பிறந்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த 2 பிறந்த இடம். கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். (உங்கள் அட்டையை எடுத்துப் பாருங்கள்!) அப்படியிருக்க, பிறந்த நாளையும் பாலினத்தையும் மீண்டும் கேட்கும் படிவம், தவறு நுழைய இரண்டு கதவுகளைக் கூடுதலாகத் திறந்து வைக்கிறது.

கணினியில் வெட்டி ஒட்டும் வசதியை உருவாக்கியவர்களில் ஒருவரான லேரி டெஸ்லர் இதற்கு ஒரு விதியே சொன்னார். ஒரு வேலையில் இருக்கும் சிக்கலை ஓரளவுக்குமேல் குறைக்க முடியாது. அதை நிரலாளர் சுமக்கலாம், அல்லது பயனர் சுமக்கலாம். நிரலாளர் ஒருமுறை சுமந்தால் ஆயிரம் எழுத்தர்களுக்குச் சுமை குறையும்.

இனி, கண்ணுக்கே தெரியாத ஓர் ஆபத்தைப் பார்ப்போம். காலை 10.00 மணிக்கு எழுத்தர் உங்கள் பதிவைத் திறக்கிறார். 10.02-க்கு உங்கள் வகுப்பாசிரியரும் தம் கணினியில் அதே பதிவைத் திறக்கிறார். எழுத்தர் அவசரத் தொலைபேசி எண்ணை மாற்றி 10.05-க்குச் சேமிக்கிறார். ஆசிரியர் நீங்கள் கால்பந்துக் கழகத்தில் சேர்ந்ததைக் குறித்து 10.06-க்குச் சேமிக்கிறார். ஆசிரியரின் திரையில் இருந்ததோ 10.02-இல் எடுத்த பழைய நகல். மென்பொருள் எழுபது கட்டங்களையும் மொத்தமாக அனுப்பினால், பழைய தொலைபேசி எண் புதியதன்மேல் போய் உட்கார்ந்துவிடும். இருவரும் தவறு செய்யவில்லை. எந்த எச்சரிக்கையும் வரவில்லை. மூன்று மாதம் கழித்துத் திடலில் நீங்கள் மயங்கி விழும்போது, பள்ளி அழைக்கும் எண்ணில் யாரும் எடுக்கமாட்டார்கள்.

இதற்குத் தீர்வு எளிது. மாற்றிய கட்டத்தை மட்டும் அனுப்ப வேண்டும். கூடவே, ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு பதிப்பு எண் வைக்க வேண்டும். இருவரும் திறந்தபோது பதிப்பு 8. எழுத்தர் சேமித்ததும் அது 9 ஆகிறது. ஆசிரியர் சேமிக்கும்போது கணினி, ‘நீங்கள் பார்ப்பது 8, இப்போது இருப்பது 9’ என்று கண்டுகொண்டு நிறுத்தும். இருவர் மாற்றிய கட்டங்களும் வேறு வேறு என்றால் தானே இணைத்துவிடலாம். ஒரே கட்டம் என்றால் இரண்டு விவரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டிக் கேட்க வேண்டும்.

எதற்கெடுத்தாலும் ‘உறுதியா?’ என்று கேட்டால் போதாதா என நீங்கள் நினைக்கலாம். போதாது. 2005 டிசம்பர் 8 அன்று ஜப்பானில் மிசுஹோ செக்யூரிட்டிஸ் நிறுவன ஊழியர் ஒருவர், 1 பங்கை 610,000 யென்னுக்கு விற்க வேண்டியவர், 610,000 பங்குகளைத் தலா 1 யென்னுக்கு விற்பதாகக் கட்டங்களை மாற்றி நிரப்பிவிட்டார். அந்தப் பங்குகளை வெளியிட்ட நிறுவனத்தின் மொத்தப் பங்குகளைப்போல் அது 40 மடங்குக்கும் மேல். திரையில் எச்சரிக்கை வரத்தான் செய்தது. அடிக்கடி வருகிற எச்சரிக்கை என்பதால் அதைத் தாண்டிப் போய்விட்டார். தவறு தெரிந்து ரத்து செய்ய முயன்றபோது பங்குச் சந்தையின் கணினி அதை ஏற்கவில்லை. இழப்பு சுமார் 40 பில்லியன் யென். அன்று வேலை செய்திருக்க வேண்டியது எச்சரிக்கையைவிட ரத்துப் பொத்தான்தான். எனவே நல்ல படிவம் தேவையற்ற கேள்விகளைக் குறைத்து, சேமித்த பிறகும் ‘மீட்டெடு’ என்று பின்வாங்க வழி விட்டிருக்கும். யார், எப்போது, எதை மாற்றினார் என்ற வரலாற்றையும் வைத்திருக்கும்.

உங்கள் கழகத்துக்காக நீங்களே கூகள் ஃபார்ம் தயாரித்திருப்பீர்கள். அடுத்த முறை அதன் அமைப்புகளுக்குள் போய்ப் பாருங்கள். அனுப்பிய பதிலைத் திருத்த அனுமதிக்கும் வசதி அங்கே இருக்கும். நீங்களாக இயக்காதவரை அது முடக்கப்பட்டே இருக்கும். அதை இயக்கி, நண்பர் ஒருவரைப் பதில் அனுப்பச் சொல்லுங்கள். பிறகு ஒரே ஒரு கட்டத்தை மட்டும் மாற்றச் சொல்லி, பக்கத்தில் நின்று பேசாமல் பாருங்கள். அவர் கை எத்தனை கட்டங்களைத் தொடுகிறது என்று எண்ணி எழுதி வையுங்கள்.