ரோந்து வண்டியில் ஏறும் தம்பிக்கு



விக்கிரவாண்டிக்கும் உளுந்தூர்ப்பேட்டைக்கும் நடுவே ஓடும் ரோந்து வண்டியில் உனக்கு வேலை கிடைத்திருப்பதாக உன் அப்பா சொன்னார். அதே திருச்சி ரோட்டில் பல வருஷம் நின்றவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். கிரேனுக்குத் தகவல் சொல்வது, பதிவேடு எழுதுவது, கட்டுப் போடுவது எல்லாம் பயிற்சியில் வந்துவிடும். நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுதான். நின்றுபோன வண்டியின் மேல் இன்னொரு வண்டி வந்து மோதாமல் காப்பதே உன் முதல் வேலை. பஞ்சரும் ரேடியேட்டரும் அதற்குப் பிறகுதான்.

கணக்கைப் பார். 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு விநாடியில் ஏறக்குறைய 28 மீட்டர் கடக்கிறது. முன்னால் ஏதோ நிற்கிறது என்று கண் கண்டு, மனதில் பட்டு, கால் பிரேக்குக்குப் போவதற்குள் ஒன்றரை விநாடி ஓடிவிடும். அதற்குள் வண்டி 40 மீட்டருக்கு மேல் அதே வேகத்தில் வந்திருக்கும். அதன் பிறகு காய்ந்த சாலையில், நல்ல டயரோடு, அது நிற்க இன்னும் 50 மீட்டருக்கு மேல் வேண்டும். பாரம் ஏற்றிய லாரிக்கும் மழை பெய்த சாலைக்கும் இந்தக் கணக்கு போதவே போதாது. பின் பம்பரிலிருந்து நாலு எட்டு தள்ளி எச்சரிக்கை முக்கோணத்தை வைத்துவிட்டு ஜாக்கியைத் தேடும் ஓட்டுநர்களை நீ தினமும் பார்ப்பாய். அந்த முக்கோணம் யாரையும் காப்பாற்றாது. உன்னுடைய முதல் கோன் குறைந்தது 100 மீட்டர் பின்னால் இருக்கட்டும். இரவிலும் மழையிலும் இன்னும் தள்ளி. வளைவில் நின்ற வண்டி என்றால் வளைவு தொடங்குவதற்கு முன்பே வை. பாலத்தின் ஏற்றம் தாண்டி நின்றிருந்தால் ஏற்றத்துக்கு இந்தப் பக்கமே வை. கோன் வைக்கப் போகும்போது வரும் வண்டிகளைப் பார்த்தபடி ஓரமாக நட. அவசரத்தில் முதுகைக் காட்டி நடக்காதே.

லாரிக்காரர்கள் வழக்கமாகச் செய்வது உனக்கே தெரியும். மரக்கிளையை ஒடித்துப் பின்னால் போடுவார்கள், பெரிய கற்களை வரிசையாக வைப்பார்கள். கையில் இருப்பதை வைத்துச் செய்கிறார்கள்; அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வண்டி சரியானதும் கிளம்பிப் போய்விடுவார்கள், கல் அங்கேயே கிடக்கும். இரவில் இருசக்கர வண்டியில் வருகிறவனுக்கு அந்தக் கல் எமன். ஒவ்வொரு சுற்றிலும் இறங்கி அந்தக் கற்களைப் பொறுக்கி ஓரத்தில் போடு. அதைப் பதிவேட்டில் யாரும் எழுதச் சொல்ல மாட்டார்கள், பாராட்டவும் மாட்டார்கள். இந்த வேலையில் இதைவிடப் பெரிய காரியம் எனக்குத் தெரியாது.

உன் வண்டியை எங்கே நிறுத்துகிறாய் என்பது முக்கியம். நின்ற வண்டிக்குப் பின்னால், இடைவெளி விட்டு, கூரை விளக்கு சுழல நிறுத்து. முன் சக்கரங்களை இடப்பக்கம் ஒடித்து வை. பின்னாலிருந்து யாராவது மோதினாலும் உன் வண்டி நேராகப் போய் அந்தக் குடும்பத்தின் மேல் ஏறாமல் ஓரத்துக்குத் திரும்பும். அதற்குள் உட்கார்ந்து ஃபோன் பேசாதே. அது கேடயமாக நிற்கிறது, கேடயத்துக்குள் ஆள் இருக்கக் கூடாது. காரில் இருப்பவர்களை இடப்பக்கக் கதவு வழியாக இறக்கி, இரும்புத் தடுப்புக்கு அப்பால் நிற்கச் சொல். ஏசி போட்டு உள்ளேயே இருக்கிறோம் என்பார்கள், குழந்தை தூங்குகிறது என்பார்கள். பொறுமையாகச் சொல், ஆனால் விடாதே. வலப்பக்க டயர் பஞ்சர் என்றால் ஸ்டெப்னி மாற்றுகிறவரின் முதுகு ஓடும் லேனுக்குள்தான் இருக்கும். வண்டியை ஓரத்துக்கு முழுதாக உருட்டிய பிறகே ஜாக்கியில் கை வைக்கச் சொல். ரிம் வளைந்தால் வளையட்டும். நடுத்தடுப்பை ஒட்டி வேக லேனில் நின்றுவிட்ட வண்டிதான் எல்லாவற்றிலும் மோசம். அங்கே முதலில் போக்குவரத்தை ஒதுக்கு, பேச்சு பிறகு.

நெடுஞ்சாலை உதவி எண் 1033-க்குக் கூப்பிடுகிறவர்கள் பாதிப் பேருக்குத் தாங்கள் நிற்கும் இடம் தெரியாது. "பெரிய பாலம் தாண்டி" என்பார்கள்; அந்த ரோட்டில் எத்தனை பாலம்! கடைசியாகத் தாண்டிய ஊர் எது, மஞ்சள் தலை போட்ட கல்லில் என்ன கிலோமீட்டர், சென்னையைப் பார்த்துப் போகிறீர்களா திருச்சியைப் பார்த்தா என்று ஒவ்வொன்றாகக் கேள். திசையைக் கேட்காமல் புறப்பட்டால் எதிர்ப்பக்கத்தில் போய் நிற்பாய். திரும்ப அடுத்த யூ-டர்ன் வரை போக வேண்டும். எவ்வளவு அவசரமானாலும் ராங் சைடில் போகாதே. உதவிக்கு வந்த வண்டியே நேருக்கு நேர் மோதினால் பழியைச் சுமப்பது ரோந்துக்காரர்கள் எல்லோரும்தான்.

இரவில் பெண்கள் மட்டும் இருக்கும் கார் நின்றிருந்தால் நேராகப் போய்க் கதவைத் தட்டாதே. வெளிச்சத்தில் நின்று அடையாள அட்டையைக் காட்டி, "அம்மா, ரோந்து வண்டியிலிருந்து வந்திருக்கிறேன், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினால் போதும்" என்று சொல். பயம் போக நேரம் கொடு. பஞ்சர்க்காரரோ தனியார் கிரேன்காரரோ நீட்டும் கமிஷனைத் தொடாதே. ஒரு முறை வாங்கினால் பிறகு எந்த வண்டியை எந்தக் கடைக்கு அனுப்புவது என்பதை அவர்கள்தான் முடிவு செய்வார்கள்.

அடிபட்டவர்கள் விஷயத்தில் சட்டம் உன் பக்கம் இருக்கிறது. அதை நீ சுற்றி நிற்பவர்களுக்கும் சொல்ல வேண்டும். உதவி செய்கிறவர்களைப் பாதுகாக்கும் வழிகாட்டு நெறிகளுக்கு உச்ச நீதிமன்றம் 2016 மார்ச் 30-இல் சட்ட வலு கொடுத்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134ஏ என்ற பிரிவு சேர்ந்தது. தூக்கி வந்து சேர்த்தவரைப் பெயர் சொல்லும்படியோ சாட்சி சொல்லும்படியோ கட்டாயப்படுத்த முடியாது. "போலீஸ் கேஸ் ஆகிவிடும்" என்று பின்வாங்குகிறவரிடம் இதை உரக்கச் சொல். பலர் திரும்பி வருவார்கள். தமிழ்நாடு அரசின் நம்மைக் காக்கும் 48 திட்டம் உன் சாலையிலேயே, மேல்மருவத்தூரில், 2021 டிசம்பரில் தொடங்கியது. அடிபட்டவர் எந்த மாநிலத்துக்காரர் ஆனாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அதில் இடம் உண்டு. அந்தத் திட்டத்தில் உன் எல்லைக்குள் எந்தெந்த மருத்துவமனைகள் இருக்கின்றன என்பதை முதல் வாரத்திலேயே மனப்பாடம் செய். சொந்த ஊர் ஆஸ்பத்திரிக்கே போவோம் என்று உறவினர்கள் கெஞ்சும் நேரத்தில் உனக்குக் கைகொடுப்பது அந்த அறிவுதான். 108 ஆம்புலன்ஸ் வரும் வரை ரத்தம் வரும் இடத்தைத் துணியால் அழுத்திப் பிடி. தண்ணீர் கொடுக்க விடாதே. தீயோ வேறு ஆபத்தோ இல்லாவிட்டால் கழுத்தையும் முதுகையும் அசைக்காதே.

டேங்கர் கவிழ்ந்தால் மட்டும் நெருங்காதே. தூரத்திலிருந்தே அதன் பக்கவாட்டுப் பலகையில் உள்ள எண்ணைப் படி: 1203 என்றால் பெட்ரோல், 1075 என்றால் எல்பிஜி. அந்த எண்ணைத் தீயணைப்புத் துறைக்குச் சொல், காற்று வரும் திசையில் நின்று கூட்டத்தை விலக்கு. 2017-இல் பாகிஸ்தானின் பஹாவல்பூர் அருகே கவிழ்ந்த டேங்கரிலிருந்து குடத்தில் பெட்ரோல் பிடிக்கப் போனவர்கள் தீயில் சிக்கினார்கள். 200 பேருக்கு மேல் இறந்தார்கள். குடத்தோடு ஓடி வருகிறவன் உன்னைத் திட்டுவான். திட்டட்டும்.

உன்னிடம் ஒரு வேண்டுகோள். நாளை ஷிஃப்ட் தொடங்கும்போது உனக்குக் கொடுத்த ஜாக்கெட்டை இருட்டில் தொங்கவிட்டு அதன் மேல் டார்ச் அடித்துப் பார். பட்டை மின்னவில்லை என்றால் புதியது கேட்டு எழுதிக் கொடு. தராவிட்டால் மறுபடியும் எழுது. அது வரும் வரை இரவில் சாலையில் இறங்காதே.

அன்புடன்,
உன் அண்ணன்